வெளிப்பக்கப் படி

எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு சிவப்புப் பென்சில் உண்டு. வீடு கட்டணும்னு யார் வந்தாலும், ப்ளான் போட்டு முடிச்சதும் அதைக் கையில எடுப்பார். வீட்டுல இருக்கிற ரெண்டு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காம தாண்டிப் போக முடியாத இடம் எதுவோ, அங்கெல்லாம் ஒரு புள்ளி வைப்பார். இருபது புள்ளிக்குக் குறைஞ்சா ப்ளானைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி உக்காருவார். "வீடு மனுஷங்களை ஒட்ட வைக்கணும், ஒளிய வைக்கக் கூடாது"ம்பார். பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. போட்டோவுல அவர் பக்கத்துல நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்.

எங்க வீட்டுக்கு முப்பத்தோரு புள்ளி. மாடிப்படி ஹாலுக்கு நட்டநடுவுல. சமையலறைக்குக் கதவே கிடையாது, அடுப்புப் பக்கம் நின்னா பதினாலு படியும் தெரியும். மாடியில இருக்கிறது ஒரே ரூம், எங்க பையனோடது. எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை. வெளிய போகணும்னாலும் உள்ள வரணும்னாலும் எங்க கண்ணுல படாம அவனால முடியாது. "எங்க கிளம்பிட்ட? ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? யார்கூட போன்ல பேசிட்டிருந்த?"னு கரண்டியும் கையுமா நின்னு நச்சரிப்பேன். அவரை மட்டும் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன ஒழுங்கு!

அவனுக்கு முதல் வேலை மூணே மாசத்துல போயிடுச்சு. எங்ககிட்ட சொல்லலை. தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, என்கிட்ட சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கிட்டு, படியிறங்கிப் போனான். பார்க்குல உக்காந்துட்டு சாயங்காலம் வந்தான். அஞ்சாவது வாரம் நான்தான் கண்டுபிடிச்சேன், ஷூவுல புல்லு ஒட்டியிருந்துச்சு. அழுதான். சரி விடுடா, வேற வேலையா கிடைக்காதுன்னு நாங்களும் தேத்தினோம். அதோட விட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் ஒரு புருஷன் பொண்டாட்டி வீடு கட்ட யோசனை கேட்டு வந்தாங்க. வர்றவங்களுக்கு எங்க வீட்டையே சுத்திக் காட்டுறது அவர் வழக்கம். ஹால்ல நின்னு அந்தம்மா, "எல்லாமே இப்படித் திறந்து கிடந்தா சங்கடமா இருக்காதா சார்?"னு கேட்டாங்க. அந்த நேரம் பாத்தா பையன் இறங்கி வரணும்? பாதிப் படியில இருக்கான். இந்த மனுஷன் அவனைக் கையைக் காட்டி, "இதோ, வேலை போனதை எங்ககிட்ட மறைச்சுப் பாத்தான். அஞ்சு வாரம் கூடத் தாக்குப்பிடிக்க முடியலை. கதவும் சுவருமா இருக்கிற வீடா இருந்தா வருஷக்கணக்கா ஏமாத்தியிருப்பான்"னார். பெருமையாத்தான் சொன்னார். பிள்ளையைப் பத்தி இல்லை, வீட்டைப் பத்தி. வந்தவங்க சிரிச்சாங்க. டீ தட்டோட நின்னுக்கிட்டு நானும் சிரிச்சேன். ஐயோ, எனக்கு எப்படித்தான் சிரிப்பு வந்துச்சோ!

அவன் அப்படியே திரும்பி மேல ஏறிப் போயிட்டான். மறுநாள் காலையில ஒரே ஒரு பையோட இறங்கினான். "எங்கடா?"ன்னேன். "யாரும் பாக்காத இடமா எங்கயாவது"ன்னான்.

ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. போன் பண்ணா எடுப்பான். நல்லா இருக்கேன்மா, வேலை இருக்கும்மா, அவ்வளவுதான். வீட்டுக்கு வாடான்னு கெஞ்சினா மட்டும், "அந்தப் படியில என்னால ஏற முடியாதும்மா"ம்பான்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போயிடுச்சு. "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஒட்ட வச்சீங்க, பெத்த பிள்ளையைப் பிச்சு எறிஞ்சுட்டீங்களே!"னு கத்தித் தீத்துட்டேன். அவர் மூணு நாள் வரையுற மேஜையிலயே கிடந்தார். நாலாவது நாள் ஒரு தாளை நீட்டினார். கேட்டுலேருந்து வெளிச்சுவரை ஒட்டி ஒரு இரும்புப் படி, நேரா பையன் ரூமுக்கு. அங்க புதுசா ஒரு கதவு. ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. "அவன் பாட்டுக்கு வரட்டும், போகட்டும். நாம பாக்கவே வேண்டாம். மேல நடக்கிற சத்தம் கேட்டா எனக்கு அது போதும்"னார்.

படி வைக்க வந்த மேஸ்திரி அவரோட பழைய ஆள். "என்ன சார், மத்தவங்க கேட்டா வெளிப்படி வைக்க மாட்டேன்னு மல்லுக்கு நிப்பீங்க. உங்க வீட்டுல மட்டும் திருடனுக்கு வழி விடறீங்க?"னு கிண்டல் பண்ணார். வேற நாளா இருந்தா வள்ளுனு விழுந்திருப்பார். அன்னிக்கு, "ஏறினா சத்தம் வரக் கூடாது மேஸ்திரி. அவன் கூச்சப்படுவான்"னார். படிக்குப் படி ரப்பர் ஒட்டினாங்க.

படியை போட்டோ எடுத்து அனுப்பினோம், சாவியைக் கூரியர்ல போட்டோம். "எப்ப வேணா வா. உன்னைப் பாக்க மாட்டோம், கூப்பிட மாட்டோம், இது சத்தியம்"னு அவரே எழுதினார். ரெண்டு நாள் கழிச்சு, "புதன்கிழமை வரேன்பா"ன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு வரியை எத்தனை தடவை எடுத்துப் பாத்தார்னு கணக்கே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மாடியில சத்தம். அலமாரி திறக்குது, நாற்காலி நகருது, நடக்கிறான்! நான் பதறிக்கிட்டு ஓடப் போனேன். அவர் கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டார். "கூப்பிடாத. சத்தியம் பண்ணியிருக்கேன். அவனா இறங்கி வரட்டும்."

ரெண்டு பேரும் படியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அவர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. மூணு டம்ளர் டீ போட்டேன். ஆறிப்போச்சு, மறுபடி சூடு பண்ணேன். கொஞ்ச நேரத்துல மேல சத்தம் நின்னுடுச்சு. "பஸ்ஸுல வந்த களைப்பு, கண் அசந்திருப்பான். தூங்கட்டும், பாவம்"னார்.

ஆறு மணி வரைக்கும் தூங்க விட்டோம். அதுக்கு மேல என்னால முடியலை. சத்தியமாவது ஒண்ணாவதுன்னு டீயை எடுத்துக்கிட்டு மேல ஏறினேன்.

அலமாரி காலி. துணி இல்லை, புத்தகம் இல்லை, சுவத்துல ஒட்டியிருந்த படம் கூட இல்லை. கட்டில் விரிப்பை அழகா மடிச்சு, மேல சாவியை வச்சிருந்தான். பக்கத்துல ஒரு சீட்டு.

"அப்பா, படிக்கு நன்றி. அது இல்லைன்னா என் சாமானை எடுக்கக் கூட நான் வந்திருக்க மாட்டேன். கீழேருந்து டீ வாசனை வந்துச்சு. யாராவது ஒரு தடவை கூப்பிடுவீங்களோன்னு கொஞ்ச நேரம் கட்டில்ல உக்காந்திருந்தேன்."

டீயை அங்கேயே வச்சுட்டு, சீட்டை எடுத்துக்கிட்டு இறங்கினேன். பாதிப் படியில நின்னுட்டேன். அவர் கீழ அதே இடத்துல, அதே சிரிப்போட என்னை நிமிந்து பாத்தார்.

"எழுந்துட்டானா?"ன்னார்.