கிருபானந்தம் போடும் மார்க்

சனிக்கிழமை சாயங்காலம் தெலுங்கு சேனலில் நட்சத்திர நடனப் போட்டி தொடங்கிவிட்டால், சித்தூரில் கிருபானந்தத்தை யாராலும் பிடிக்க முடியாது. சீரியல் நடிகை ஒருத்தி சுழன்று சுழன்று ஆடி முடித்தாள். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"நாலு மார்க்," என்றார் அவர். "காலு ஒரு பக்கம் போவுது, தாளம் ஒரு பக்கம் போவுது. இதுக்குப் போயி நின்னுக்கினு கை தட்றானுங்க. வெக்கமே இல்ல."

அடுத்து ஆடிய கிரிக்கெட்காரருக்கு மூன்று.

இதே கிருபானந்தம்தான் இருபத்தைந்து வருஷமாகச் சபையின் கிறிஸ்துமஸ் நடனப் போட்டிக்கு நடுவர். அங்கே அவர் பேனா எட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. சபைச் செயலாளரின் மகள் ஒருமுறை மேடையில் நின்று அழுதுவிட்டு இறங்கிப் போனாள்; அவளுக்கும் எட்டரை. பெற்றவர்களை அடுத்த ஞாயிறே ஆராதனையில் பார்த்தாக வேண்டுமே!

மருமகள் கேசியா காபி கொண்டுவந்தாள். அவள் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். ஏழு வயதில் அதே போட்டியில் அவர் கையால் வாங்கிய முதல் பரிசு.

"மாமா, அன்னிக்கு எனக்கு எவ்ளோ போட்டீங்க?"

"ஒம்போதரை," என்றார் யோசிக்காமல். "இன்னா ஆட்டம் அது!"

"அதே ஆட்டத்த நான் டிவியில ஆடியிருந்தா?"

கிருபானந்தம் டம்ளரில் இருந்த பேரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சவுண்ட கொஞ்சம் ஏத்தும்மா," என்றார். "ஒண்ணுமே கேக்கல."