பெட்டவே வீட்டு நாலு கம்பி

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் லூசியஸ் பெட்டவேயின் கண் அக்காவின் சவப்பெட்டியில் விழவில்லை. ஆர்கனுக்கு இடப்பக்கம், அவர் நிற்கிற இடத்தில், அடிச்சுரம் வாசிக்கிற இன்னொரு பேஸ் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில்தான் விழுந்தது. தூரத்திலிருந்தே அதன் தந்திகளை எண்ணினார். ஐந்து.

தெற்கு மெம்ஃபிஸில் மவுண்ட் நீபோ சபையைக் கட்டிய நாளிலிருந்து அந்த இடத்தில் நின்றவர்கள் மூன்றே பேர். லூசியஸின் அப்பா, அண்ணன், பிறகு லூசியஸ். மூவரும் வாசித்தது ஒரே கிட்டார். அதற்கு நாலு தந்தி.

ஆர்கன் வாசிக்கும் டெரெல் குனிந்து, தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய தோல் காலணி மாட்டிக்கொண்டிருந்தான். ஆர்கனின் அடியில் காலால் மிதிக்கும் கட்டைகளுக்கு அது வேண்டும்.

"அது யாரோடது?" என்றார், சபையில் டீக்கன் பொறுப்பில் இருந்த லூசியஸ்.

"தெரிஞ்சுகிட்டே கேக்குறீங்களே, டீக்கன்."

"எடுத்து வெளிய வை."

"அது பாட்டுக்கு நிக்கட்டும். ஒண்ணும் கடிக்காது."

"க்ரட்சர் வீட்டுச் சாமான் எதுவும் இதுவரைக்கும் கடிக்காம இருந்ததில்ல."

டெரெல் சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். "டீக்கன், கோவப்படாம கேளுங்க. உங்கக்கா மக ஜெனீவா, அவங்கம்மா கடைசியா பாடின சுருதியிலதான் பாடுவேங்குது. டி ஃப்ளாட். உங்க கிட்டார்ல ஆக அடியில இருக்கறது ஈ. டி ஃப்ளாட் அதுக்கும் மூணு படி கீழ; அங்க எறங்க உங்களுக்குப் படியே கிடையாது. பாட்டு முடியற எடத்துல மொத்தக் குழுவும் எறங்கி டி ஃப்ளாட்ல உக்காரும். நீங்க மட்டும் மாடியில நின்னு எட்டிப் பாத்துட்டிருப்பீங்க. ஆர்வில்கிட்ட அதுக்கும் கீழ அஞ்சாவது கம்பி இருக்கு. அந்த ஒரே ஒரு பாட்டுக்கு..."

"பெட்டவே வீட்டுச் சாவுல பெட்டவேதான் பேஸ் வாசிப்பான்."

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஆர்வில் க்ரட்சர் கறுப்புக் கோட்டில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லூசியஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆர்வில்லின் தகப்பன் ஒரு காலத்தில் இந்தச் சபையில் பெரிய ஆள். லூசியஸின் அப்பா சனிக்கிழமை இரவில் சாராயக் கடைகளில் வாசித்துவிட்டு அதே விரலோடு ஞாயிறு காலை ஆண்டவருக்கு வாசிக்கிறார் என்று எழுந்து நின்று சொன்னது அவர்தான். பிள்ளைகளுக்குச் சோறு போட்டது அந்தச் சனிக்கிழமைகள் என்பதை அவர் சொல்லவில்லை. சபை அப்பாவை வாசிப்பிலிருந்து நிறுத்திவைத்தது. ஒரு கோடைக்காலம் முழுக்க அவர் கடைசிப் பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். அவரும் முதுகை வளைக்காமல் நடந்து வந்து தன் இடத்தில் நின்றார். இப்படிப்பட்டதை ஒரு குடும்பம் மறந்துவிட்டால் அது குடும்பமே இல்லை.

ஆனாலும் டெரெல் சொன்னது லூசியஸுக்குத் தெரியாததல்ல. போன ஈஸ்டர் அன்று, காரில் வீடு திரும்பும்போது, வெர்டெல் அக்காவே சொன்னாள். வயதாக ஆக அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

"லூ, நான் கீழ எறங்கறப்ப எனக்குக் கீழ யாருமே இல்லடா. இருட்டுல கடைசிப் படிய கால் தேடற மாதிரி இருக்கு."

"உன் தொண்ட எறங்கிப்போச்சுன்னு அப்பா கிட்டார மாத்தச் சொல்றியா?"

வீடு வந்து சேரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதனால்தான் நேற்று மாலை லூசியஸ் சமையலறையில் உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல், கிட்டாரின் அடித்தந்தியைத் தளர்த்தினார். ஈயிலிருந்து டி ஃப்ளாட்டுக்கு. தந்தி தொளதொளவென்று ஆனது. ஆனால் சுரம் இருந்தது. அதே தந்தியில் மற்ற சுரங்கள் எல்லாம் கிட்டார் கழுத்தில் மூன்று கட்டம் தள்ளிப்போயிருந்தன. அக்காவின் பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிக்கொண்டார். மற்றப் பாட்டுகளில் அந்தத் தந்தி பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். மூன்று தந்தியில் ஒப்பேற்றிவிடலாம். நாலு தந்தி போதும் என்று அக்காவுக்கும் காட்டிவிடலாம்.

ஆராதனை தொடங்கியது. முதல் இரண்டு பாட்டுகளும் நிதானமானவை. விரல்கள் சொன்னபடி கேட்டன. வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் விசிறிகளை விநியோகித்தார்கள். குடும்பத்தாரின் முன் பெஞ்சில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் அவள் கைப்பை.

பாஸ்டர் ஹாலோவே பிரசங்கத்துக்கு எழுந்தார். வெர்டெல் சகோதரி எத்தனை பேருக்குச் சோறு போட்டாள் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அப்புறம் குரல் ஏறியது. ஒவ்வொரு வரிக்கும் ஆர்கன் பதில் சொன்னது. இது வேகமான துள்ளல் ஆட்டத்தில்தான் போய் முடியும் என்று லூசியஸுக்குத் தெரியும். அவரால் நிறுத்த முடியாது.

"இன்னைக்கு அவ முழங்கால் வலிக்கல!" என்றார் பாஸ்டர்.

"சொல்லுங்கய்யா!"

"இன்னைக்கு அவ குச்சி ஊனி நடக்கல!"

டிரம்ஸ் வெடித்தது. பெஞ்சுகள் எழுந்தன. இடைவழியில் கால்கள் தரையை அடித்தன. டெரெல் ஏ ஃப்ளாட்டில் பாய்ந்தான். அந்த வேகத்தில் மனிதன் யோசிப்பதில்லை, விரல்தான் யோசிக்கிறது. லூசியஸின் விரல் ஐம்பது வருடமாகப் போன வழியிலேயே அடித்தந்தியின் நாலாவது கட்டத்துக்குப் போய் அழுத்தியது.

வந்தது வேறு சுரம்.

டெரெலின் தலை சட்டென்று திரும்பியது. லூசியஸ் மேல் தந்திக்குத் தாவினார். நாலு சுற்று சரியாகப் போனது. ஐந்தாவதில் விரல் மறுபடி வீட்டுக்குப் போய்விட்டது. இந்த முறை பாடகர் குழுவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை நடந்தபோது அவர் ஆர்கனின் அடியைப் பார்த்தார்.

டெரெலின் கால் கட்டைகள்மேல் இறங்கியிருந்தது.

அந்தக் கட்டைகளில் பிறப்பதும் பேஸ் சுரம்தான்; ஆர்கன்காரன் கால் இறங்கினால் பேஸ்காரனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். சபையில் பாதிப் பேருக்குக்கூடத் தெரியாது. ஆனால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். லூசியஸ் முதல்முறையாக அந்தப் பக்கம் பார்த்தார். ஆர்வில் அவரைப் பார்க்கவில்லை. தன் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மரியாதை லூசியஸை இன்னும் சுட்டது.

ஆட்டம் தணிந்தது. டெரெல் மூச்சுவிடக்கூட இடம் தராமல் அப்படியே அக்காவின் பாட்டுக்குள் நுழைந்தான். ஜெனீவா எழுந்து பெட்டியருகே போய் நின்றாள். லூசியஸ் நிமிர்ந்தார். போனது போகட்டும். இதற்காகத்தானே தந்தியைத் தளர்த்தியது?

பாட்டுக்கு மூன்று சரணம். ஒவ்வொன்றின் முடிவிலும் குரல்கள் படி படியாக இறங்கி அந்த டி ஃப்ளாட்டில் வந்து நிற்கும். ஜெனீவாவின் குரல் அச்சு அசல் அவள் அம்மாவுடையது. முதல் சரணம் இறங்கியது. லூசியஸ் அடித்தந்தியை மீட்டினார்.

ஏற்கெனவே தொளதொளத்திருந்த தந்தி, ஆட்டத்தில் வாங்கிய அடியில் இன்னும் தளர்ந்திருந்தது. சுரம் கீழே வழிந்து, படபடத்து, ஊளையிட்டது. ஜெனீவா ஒரு கணம் தடுமாறினாள். அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பிடிப்பதற்கு முன்னால் திரும்பி மாமாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். இருட்டில் படியைத் தேடுகிறவள் பார்வை அது.

இனி இரண்டு சரணம். பாட்டு நடுவில் முறுக்கிச் சரிசெய்ய முடியாது. மேல் ஸ்தாயியில் வாசித்துத் தப்பிக்கலாம்; அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்ததும் அதே வாசிப்பால்தான். பக்கத்தில் நிற்கும் க்ரட்சரின் கிட்டாரைத் தானே மாட்டிக்கொள்ளலாமா? தொடுவது இருக்கட்டும், ஐந்து தந்தியில் அவர் கை வைத்தால் ஒவ்வொரு விரலும் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அந்தச் சபையில் பாட்டு நடுவே ஆள் மாறுவது புதிதல்ல. ஒருவர் சுரத்தைப் பிடித்திருக்கும்போதே இன்னொருவர் வந்து சேர்ந்துகொள்வார், முதல் ஆள் கையை எடுப்பார், பாட்டு அறுபடாது. ஆனால் நிற்கிறவன் கூப்பிடாமல் யாரும் மேடை ஏற மாட்டார்கள். பெட்டவே யாரும் இதுவரை யாரையும் கூப்பிட்டதில்லை.

இரண்டாவது சரணம் இறங்கத் தொடங்கியது. லூசியஸ் அடித்தந்தியைத் தொடவில்லை. மேலே வாசித்தார். ஜெனீவா இறங்கினாள். அவளுக்குக் கீழே டெரெலின் கால் மட்டும் மெலிதாக முனகியது.

லூசியஸ் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். அப்பா தொப்பியோடு உட்கார்ந்திருந்த கடைசிப் பெஞ்சும் அதே நேர்க்கோட்டில், பின்னால், தெரிந்தது. அவர் மோவாயைத் தூக்கினார். ஒரே ஒரு முறை.

ஆர்வில் நம்பாதவனைப் போலத் தன் மார்பைத் தொட்டுக் காட்டினான்.

"வாடா," என்று லூசியஸின் உதடு அசைந்தது. "எத்தன தடவ கூப்புடணும்?"

மூன்றாவது சரணத்தின் முதல் வரியில் ஆர்வில் மேடையில் இருந்தான். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, லூசியஸின் முகத்தைப் பார்த்தபடி, அவர் வாசித்த அதே சுரத்தில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டான். இரண்டு கிட்டாரும் ஒரே சுரத்தில் ஒரு வரி தூரம் போயின. பிறகு லூசியஸ் கையை எடுத்தார். பாட்டு அறுபடவில்லை.

வெறுங்கையோடு எங்கே நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடந்த அடக்க ஆராதனைகளில் அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். குடும்பத்தாரின் பெஞ்சு எப்படி இருக்கும் என்றே அறியார். படி இறங்கினார். ஜெனீவாவின் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அக்காவின் முகம் நேராகத் தெரிந்தது. காலையிலிருந்து அவர் பார்க்காத முகம்.

குரல்கள் இறங்கின. கடைசிப் படியில் ஆர்வில்லின் ஐந்தாவது தந்தி இருந்தது. காதுக்கு வருமுன் அது பெஞ்சின் பலகை வழியே முதுகுக்கு வந்தது. ஜெனீவா கண்ணை மூடிக்கொண்டு தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் இறக்கி நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்தபடியே, லூசியஸ் அழுதார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சபையின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். பொரித்த கோழியும் கீரையும் சோள ரொட்டியும் ஆவி பறந்தன. ஆர்வில் கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வாசலை நோக்கி நடந்தான்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் லூசியஸ்.

"வீட்டுக்குத்தான், டீக்கன்."

"வாசிச்சவன் பசியோட போனான்னு நாளைக்கு ஊர் பேசணுமா? உக்காரு."

"எந்த மேசையில?"

"குடும்பத்து மேசையிலதான். இதுல என்ன கேள்வி?"

ஆர்வில் தயங்கினான். "எங்கப்பா சொன்னதுக்கு..."

"உங்கப்பன் சொன்னது சொன்னதுதான். அத நான் மறக்கல. நீயும் கோழி ஆறிப்போகுதுங்கறத மறக்காத."

தட்டோடு வந்த டெரெல் வாயை அடக்க முடியாமல் கேட்டான். "அப்போ டீக்கன், அடுத்த ஞாயித்துக்கெழம அஞ்சு கம்பியா?"

"நாலு போதும்," என்றார் லூசியஸ். "எங்கப்பாவுக்குப் போதும். எங்க அண்ணனுக்குப் போதும். எனக்கும் போதும். எங்க அக்காவுக்குத்தான் போதல."

ஜெனீவா அவருக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தாள். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, அப்பாவின் கிட்டாரை எடுத்து மடியில் சாய்த்து, தொங்கிப்போன அடித்தந்தியின் திருகைப் பிடித்தார்.

"உன்னோடத வெளிய எடு," என்றார் ஆர்வில்லிடம். "அதுல அடியிலேந்து ரெண்டாவது கம்பி ஈதானே? அந்தச் சுரத்தக் குடு."

ஆர்வில் கோழி பிடித்த விரலைத் துடைத்துவிட்டுத் தந்தியை மீட்டினான். லூசியஸ் காதை மரத்தில் வைத்துக்கொண்டு திருகினார்.

"இன்னும் கொஞ்சம் மேல, டீக்கன்."

"எனக்குத் தெரியும். நீ நிறுத்தாம வாசி."