மாலக்கியின் பச்சைக் கார்

ஒரு காரைப் பார்த்துவிட்டால் என் கணவன் ஜார்லத் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நல்லது கெட்டதுக்கென்று அவனிடம் இருப்பது ஒரே கோட்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் காஸில்பார் டவுனில் ஒரு பழைய கார்க் கடையின் ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தான். பூட்ஸ் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துத் தொலைக்கக் கூடாதே என்று நான் வேறு யாருடைய மனைவியோ போலத் தள்ளி நின்றேன்.

“துரு,” என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

“கடலோரத்துக் கார்ல துரு இல்லாம என்ன இருக்கும், முத்தா இருக்கும்?”

“அப்ப வாங்கு. பல்லினா போற வழியில அடித்தட்டு கழண்டு விழுந்தா காலால ஓடிக்கிட்டே ஓட்டிட்டுப் போ, மகராசி.”

பல்லினாவில் கண் டாக்டரிடம் எனக்கு வரவேற்பு வேலை கிடைத்திருந்தது. கடைசிப் பிள்ளையும் கால்வேக்குப் படிக்கப் போன பிறகு, பல வருடம் கழித்து எனக்கென்று வந்த வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் பக்கம் பஸ் என்பது வந்தால் உண்டு. வீட்டிலிருக்கும் வேன் ஜார்லத்தின் ஆடுகளுக்குச் சொந்தம். அதில் போய் இறங்கினால் கண்ணைக் காட்ட வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் இரண்டாவதாக ஒரு சின்ன ஹேட்ச்பேக், பழையதானாலும் நாணயமானது, தேடிக்கொண்டிருந்தோம்.

முதலில் பார்த்தது ஒரு வாலிபனுடையது. அதன் சத்தத்துக்குக் கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிடும். அடுத்ததில் வாசனை அட்டை நான்கு தொங்கியது. மிதியடியைத் தூக்கினால் உள்ளே தண்ணீர் தேங்கிய நாற்றம். மூன்றாவது இந்தத் துருப்பிடித்தது. வேனில் திரும்பி வரும்போது இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்பது இருவருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு ஷெட்டில் மாலக்கியின் பச்சைக் கார் நின்றிருந்தது. கடற்காற்றின் உப்பு பிடிக்கக் கூடாதென்று சனிக்கிழமை தவறாமல் அதன் அடிப்பக்கத்தைக் கூடக் கழுவுகிறவர் மாலக்கி. வசந்தத்தில், உருளைக்கிழங்கு நட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். அதற்குப் பிறகு ஷெட் கதவை அவர் மனைவி வின்னி திறக்கவே இல்லை.

அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சந்து வின்னியின் சமையலறைச் சன்னலை ஒட்டித்தான் போகிறது. அதற்குச் சற்று முன்னால் கல்சுவர் மறைக்கும் ஒரு வளைவு. எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. மாலக்கி அங்கே வந்ததும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அது கேட்டதும் வின்னி டீக் கெண்டியில் கொதிநீர் ஊற்றுவாள். அவர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரும்போது மேசையில் டீ இருக்கும். சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்தக் காரிலேயே தினமும் அவள் சன்னலைத் தாண்டிப் போவதென்றால், ஆறாத புண்ணைக் கீறிக்கொண்டே இருப்பது போலல்லவா?

கடைசியில் வின்னியே ரப்பர் பூட்ஸோடு எங்கள் கேட்டுக்கு வந்தாள்.

“ஊரெல்லாம் கார் தேடுறீங்களாமே. என் ஷெட்டுல நிக்கிறது என்ன, கழுதையா?”

ஜார்லத் தன் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளே எதையோ தேடினான். நான்தான் பேச வேண்டியிருந்தது.

“இல்ல வின்னி, தினமும் அது உங்க கண்ணு முன்னால போய்ட்டு வந்தா உங்களுக்கு...”

“நிக்கிறதைப் பாக்கிறதுக்கு ஓடுறதைப் பாத்துட்டுப் போறேன், கண்ணு.”

எங்கள் சந்தில் அக்கம்பக்கத்துக்குள் பேரம் என்றால் தலைகீழ்தான். வின்னி விலையை இறக்கினாள், ஜார்லத் ஏற்றினான். அவள் இன்னும் இறக்கினாள், அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருவழியாக இருவரும் முறைத்துக்கொண்டே கை குலுக்கினார்கள். விற்றவர் ராசிக்காக எதையாவது திருப்பித் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். மாலக்கி பாதி தின்று வைத்திருந்த புதினா மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அன்று ஜார்லத் காருக்கு அடியில் படுக்கவில்லை.

சாவியைத் தந்த பிறகு அவள் குரல் தணிந்தது. “ஒண்ணே ஒண்ணு, டிம்ப்னா. அந்த வளைவுல ஹாரன் மட்டும் அடிக்காதே.”

“அடிக்க மாட்டேன்,” என்றேன். சத்தியம் செய்யாத குறைதான்.

திங்கட்கிழமை காலை பல்லினா ரோட்டில் எனக்கு நடந்த மரியாதை ராஜாவுக்குக்கூட நடக்காது. எதிரே வருகிறவர் யாரானாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அன்று தூக்கப்பட்ட விரல்கள் பச்சைக் காருக்கானவை. தூக்கிவிட்டு, உள்ளே என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் மடங்கின. அடுத்த ஊரைச் சேர்ந்த பால் லாரிக்காரர் மட்டும் கை முழுவதையும் ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை. மாலக்கியின் சார்பில் நான் விரலைத் தூக்கினேன். அப்புறம் கொஞ்ச தூரத்துக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.

மாலையில் வளைவை நெருங்கினால் கண்ணாடியை இறக்கி, காதைத் தீட்டிக்கொண்டு ஊர்ந்துதான் வருவேன். “ஆமை பின்னால நின்னு ஹாரன் அடிக்கப் போகுது,” என்பான் ஜார்லத். சன்னலில் வின்னி சில நாள் கையை உயர்த்துவாள். சில நாள் திரை மூடியிருக்கும். மூடியிருக்கும் நாட்களில் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. காசைக் கொடுத்து ஒரு கிழவியின் நிம்மதியை வாங்கி வந்துவிட்டோமோ என்று அரிக்கும். இரண்டு முறை சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிப் பாதியில் திரும்பினேன். கொடுத்துவிட்டால் வேலைக்கு எதில் போவது?

அக்டோபரில் ஒருநாள் மூடுபனி. கை நீட்டினால் கை தெரியாது. வழக்கம்போல ஊர்ந்து வளைவுக்குள் நுழைந்தேன். எதிரே சுவரளவு உயரத்தில் இரண்டு மஞ்சள் வெளிச்சங்கள், பாதையின் நட்டநடுவில். மனம் நினைப்பதற்குள் கை அமுக்கிவிட்டது. இரண்டு தடவை.

டிராக்டர் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டியவர் பின்னால் எடுத்து, ஓரமாக ஒதுங்கி, ஒன்றுமே நடக்காதது போல ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போனார். நான் காரை நகர்த்தவில்லை. டிராக்டரை நினைத்து அல்ல, வின்னிக்குக் கொடுத்த வாக்கை நினைத்து. பனிக்குள் வின்னியின் சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காரை அவள் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். எனக்கு முதுகைக் காட்டி மேசையருகே நின்றிருந்தாள். மேசையில் இரண்டு கோப்பைகள். இரண்டிலும் ஆவி பறந்தது.

“வின்னி, மன்னிச்சிடுங்க. டிராக்டர் வந்துடுச்சு, நான் வேணும்னு...”

“கேட்டுச்சு.” அவள் திரும்பவில்லை. “இவளுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நெனைக்காதே. அவரு இல்லைங்கிறது எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியல. அதுபாட்டுக்கு எடுத்து ஊத்திடுச்சு.”

சமாதானம் சொல்ல வந்தவள் நின்றபடியே அழுதேன்.

“அழறதா இருந்தா உக்காந்து அழு. டீ ஆறுது.”

எந்த நாற்காலி என்று தெரியாமல் தயங்கினேன். சன்னலோர நாற்காலியை அவளே காலால் என் பக்கம் தள்ளினாள். ஒரு மிடறு குடித்ததும் பல்லெல்லாம் கூசியது.

“நீ சர்க்கரை போட மாட்டேல்ல?” என்றாள் வின்னி.

“மாட்டேன்.”

“மூணு கரண்டி போட்டிருக்கேன்.”

“தெரியுது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “அம்பது வருஷமா திட்டினேன், இவ்வளவு சர்க்கரை ஆகாதுன்னு. கேட்டாரா மனுஷன்?” சோடா ரொட்டியை வெட்டி, வெண்ணெயை அப்பித் தந்தாள். கண் டாக்டர் எப்படி, அங்கே யார் யார் வருகிறார்கள், சனிக்கிழமையில் ஜார்லத் காரின் அடியைக் கழுவுகிறானா என்றெல்லாம் கேட்டாள். அந்த டீயை நான் அடிவரை குடித்தேன். கரையாத சர்க்கரையையும் விடவில்லை.

கிளம்பும்போது அவள் கார்டிகனை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல்வரை வந்தாள். பனியில் நனைந்திருந்த பச்சைக் காரின் கூரையைக் கையால் ஒருமுறை துடைத்தாள்.

“நாளைக்கும் இதே நேரந்தானே?”

“ஆமா.”

“அப்ப வளைவுல ஹாரன் அடி. பூனை மாதிரி பதுங்கிப் பதுங்கி வந்து எவன் டிராக்டர்லயாவது மாட்டிக்காதே.”

“நீங்கதானே அடிக்க வேணாம்னு...”

“சொன்னேன். இப்ப இதைச் சொல்றேன்.” கார் கூரையில் இன்னொரு முறை கையை ஓட்டினாள். “ஆனா ஒரு தடவை மட்டும் அடி, கண்ணு. ரெண்டு தடவை அவரோடது. ஒண்ணு கேட்டா, நான் சர்க்கரை போடாம ஊத்தி வைக்கிறேன்.”