ஐவர் தூர்த்த குளம்

கரிய நீரில் மேகமொன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, அங்கே மண்தானே இருக்க வேண்டும் என்று ஞானசுந்தரி நினைத்தாள், ஐவர் என்ற அவள் வேல்ஸ்காரக் கணவன் கொட்டிய மண், அதன்மேல் புல், ஆனால் தண்ணீர்தான், கரையில் சுற்றுலாக்காரர்கள், நடுவில் வழிகாட்டிப் பெண் இந்தப் பண்ணைவீட்டின் நானூறு ஆண்டுக் கதையைச் சொல்கிறாள், வேல்ஸ் மலைக்கல்லில் எழுப்பிய சுவர், முதலில் குடியேறிய விவசாயி மீன் வளர்க்க வெட்டிய குளம், இடையில் யாரோ காரணமில்லாமல் தூர்த்துவிட்டார்கள், பழைய வரைபடத்தைப் பார்த்து மீட்டெடுத்தோம், காரணமில்லாமல் என்று கேட்டதும் ஞானசுந்தரி தங்கை மகள் பிரெமிலாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

நாகர்கோவிலிலிருந்து நர்ஸாக வந்தவள், கால் முறிந்து வார்டில் கிடந்த ஐவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தாள், மகளுக்கு நெஸ்ட் என்று தன் குடும்பத்துப் பழைய பெயரை ஐவர் வைத்தான், நேசம் என்றே இவள் கூப்பிட்டாள், இரண்டு பெயருக்கும் பிள்ளை ஓடி வந்தது, இதோ ஆப்பிள் மரங்களுக்கிடையே ஓடி வருகிறது, இல்லை, அன்று இவள் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள், ஐவர் பக்கத்துப் பாத்தியில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான், தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்கவில்லை என்றான், எங்க பாத்துட்டு நின்னீங்க, ஒரே ஒரு முறைதான் கேட்டாள், தமிழில் கேட்டாள், அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒற்றை ஆளாய்க் கல்லும் மண்ணும் தள்ளிவந்து கொட்டினான், உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான், அதன்பின் இருவரும் பிள்ளையின் பேரைச் சொன்னதில்லை, அவன் இறந்தபின் வீட்டை அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டு இவள் ஊர் திரும்பினாள்.

பெரியம்மா, நான் அவங்ககிட்ட சொல்லட்டா, பிரெமிலா கேட்கிறாள், வேண்டாம் மக்களே, சொன்னா நாளைக்கு வாற ஆளுவகிட்டயும் அதயும் ஒரு கதையா சொல்லுவா. கூட்டம் ரோஜாப் பாத்திகளின் பக்கம் நகர்ந்ததும் ஞானசுந்தரி கரையில் மண்டியிட்டு மணிக்கட்டுவரை கையை நீருக்குள் விட்டாள், பிள்ளையை வெளியே எடுத்தபோது அவள் இங்கே இல்லை, போய்ப் பார்த்தபோது கம்பளியில் சுற்றி வைத்திருந்தார்கள், நல்ல வெயில் நாள் அது, இன்றைப்போலவே, தண்ணீர் இதமாகத்தான் இருந்திருக்கும் என்று இத்தனை வருஷம் தன்னைத் தேற்றிவந்தவள், விரல்கள் குளிரில் மரத்துப்போன பிறகும் கையை எடுக்கவில்லை, எழும்புங்க பெரியம்மா என்று பிரெமிலா தோளைத் தொட்டாள், இவ்வளவு தணுப்பா மக்களே, என்றாள் அவள், இவ்வளவு தணுப்பிலயா கெடந்துச்சு.