கரும்பலகைக்கு வந்த பெண்

செரியானா எங்கள் தீவுக்கு வந்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. தலைநகரான சுவாவில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரி முடித்த கையோடு எங்கள் தவெயுனித் தீவில் ஆசிரியை வேலை போட்டுவிட்டார்கள். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்தே மழையையும் சேற்றையும் திட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு அவளுடையது. பக்கத்து ஆறாம் வகுப்பு என்னுடையது. நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான், அவள் பிள்ளைகளிடம் கத்துவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

இரண்டாம் பருவத்தில் அவளிடம் ஒரு பயிற்சி ஆசிரியையை அனுப்பினார்கள். மாகெரெத்தா. நாற்பதைத் தாண்டியவள், எங்கள் ஊர்க்காரி. துறைமுகக் கொட்டகையில் ஏற்றுமதிக்குச் சேப்பங்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தவள். புருஷன் நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் இவளுக்குப் படிக்க வேண்டும் என்ற வைராக்கியம் வந்தது. அவள் மகள் தோரிக்கா அதே ஐந்தாம் வகுப்பில் படித்தாள். அம்மாவையும் மகளையும் ஒரே அறையில் விடலாமா என்று தலைமையாசிரியர் இனோக்கேயிடம் கேட்டேன். வேறு வகுப்பில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

அறையில் இருந்தது ஒரு மேசை, ஒரு நாற்காலி. மாகெரெத்தா கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் செரியானா அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டாள். இவள் அவளை ‘மேடம்’ என்பாள்.

ஒருநாள் செரியானா போட்ட சத்தத்தில் யோசெஃபா என்ற பையன் கால்சட்டையை நனைத்துவிட்டான். மாகெரெத்தா அவனை வெளியே கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, கால்சட்டையை அலசி வேலியில் காயப்போட்டாள். திரும்பி வந்தவள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உங்க சத்தத்துக்கே பையன் நனைச்சுட்டான்.”

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. ஆனால் வகுப்பு சிரித்தது. செரியானாவும் கூடவே சிரித்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் யோசெஃபாவின் அம்மா தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரையும் மீனும் கொண்டுவந்து மாகெரெத்தாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். செரியானா நின்ற பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாகெரெத்தா அதில் பாதியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். பசியில்லை என்றாள் செரியானா.

அதோடு ‘அக்கா’ போயிற்று. ‘நீ’ வந்தது. பலகையைத் துடை, தேநீர் கொண்டுவா, பெஞ்சை நகர்த்து. “கழுவித்தான உனக்குப் பழக்கம்? அந்த ஜன்னலையும் கழுவிடு” என்று பிள்ளைகள் காதுபடச் சொன்னாள். மாகெரெத்தா கழுவினாள். பயிற்சியில் தேறுவதற்குச் செரியானாவின் நல்ல வார்த்தை வேண்டும். தோரிக்கா தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள்.

கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து மாகெரெத்தா பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார் என்று செய்தி வந்தது. அவள் செரியானாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

“மத்ததெல்லாம் சமாளிச்சுருவேன் மேடம். இந்தப் பின்னக் கணக்குதான் எனக்கு வரவே மாட்டேங்குது. படிச்சுட்டுத்தான் இருக்கேன். அவர் வர்ற அன்னைக்கு மட்டும் வாசிப்புப் பாடம் குடுங்களேன்.”

சரி என்றாள் செரியானா. மாகெரெத்தா அட்டைப்பெட்டிகளை வெட்டி, பழந்தின்னி வௌவால் கதை ஒன்றுக்குப் படம் வரைந்தாள். மகளும் கூட உட்கார்ந்து வண்ணம் தீட்டினாள்.

விரிவுரையாளர் மழையில் நனைந்தபடி வந்து பின்னால் உட்கார்ந்தார். மாகெரெத்தா பூப்போட்ட புதுச் சட்டை போட்டு, காதோரம் ஒரு பூ செருகியிருந்தாள். அட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது செரியானா எழுந்தாள். நேற்று பின்னத்தில் நிறுத்தினோம், அதையே தொடரட்டும் என்று இனிமையான குரலில் சொன்னாள். மாகெரெத்தா அவளைப் பார்த்தாள். செரியானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்ட வேண்டும். மாகெரெத்தா மேலே உள்ளதை மேலே கூட்டினாள், கீழே உள்ளதைக் கீழே கூட்டினாள். ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அவள் அழித்தாள். மறுபடியும் அதையே எழுதினாள்.

“தோரிக்கா, நீ வா. மேடத்துக்கு எப்படின்னு காட்டு” என்றாள் செரியானா.

தோரிக்கா கணக்கில் கெட்டிக்காரி. யார் கூப்பிட்டாலும் ஓடிவந்து போட்டுவிடுவாள். அன்றும் எழுந்து வந்துவிட்டாள். அம்மாவின் கையிலிருந்து சுண்ணக்கட்டியை வாங்கினாள், அம்மா எழுதியதைத் துடைத்தாள், ஆறில் ஐந்து என்று எழுதினாள். வகுப்பு கைதட்டியது. பத்து வயதுப் பிள்ளைதானே, கைதட்டலுக்கு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

நல்ல பிள்ளை, யார் பெண் என்று கேட்டார் விரிவுரையாளர்.

“அவங்க பொண்ணுதான் சார்” என்றாள் செரியானா.

மாகெரெத்தா தேறவில்லை. அடுத்த வருஷம் மறுபடி முயலலாம் என்று சொன்னார்கள். அவள் முயலவில்லை, கொட்டகைக்கே போய்விட்டாள். வருஷக் கடைசியில் செரியானாவின் வேலை நிரந்தரமானது. இனோக்கே அவளுக்கு மாலை போட்டார்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“கணக்குத் தெரியாதவ கணக்குச் சொல்லிக் குடுக்கலாமா?” என்றாள். அந்த ஒரு பேச்சில் அவள் பக்கம் நியாயம் இருந்தது.

அடிபட்டது தோரிக்காதான். மாகெரெத்தா அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசுவதை விட்டுவிட்டாள். தட்டில் சோறு வைப்பாள், துணி துவைத்துப் போடுவாள், வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு பேர் மட்டுமே இருக்கிற வீடு. பிள்ளை கெஞ்சிப் பார்த்தது, அழுது பார்த்தது. பிறகு அதுவும் பேச்சை நிறுத்திவிட்டது. பள்ளியில் கேள்வி கேட்டால் பதில் வராது. பரீட்சைத் தாள் வெறும் தாளாகத் திரும்பி வரும்.

இது செரியானாவுக்கே பொறுக்கவில்லை. கொட்டகைக்குப் போனாள், என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு. மாகெரெத்தா முழங்கை வரை சேறோடு தொட்டிமுன் நின்றிருந்தாள்.

“அக்கா, என்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. அவகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. பிள்ளை இளைச்சுக்கிட்டே போகுது” என்றாள் செரியானா.

மாகெரெத்தா கிழங்கு ஒன்றை எடுத்துச் சேற்றைத் தேய்த்துக் கழுவினாள்.

“அவளைக் கூப்பிட்டது நீ. எந்திரிச்சு வந்தது அவ. வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சின்னப் பிள்ளை அக்கா. அதுக்கு என்ன தெரியும்?”

“கணக்குத் தெரிஞ்சுதே” என்றாள் மாகெரெத்தா. கழுவிய கிழங்கைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

நாங்கள் திரும்பி நடந்தோம். கொட்டகை வாசலில் தோரிக்கா பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை தினமும் அங்கேதான் காத்திருப்பாளாம். உள்ளே பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருக்கும். செரியானா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். தோரிக்கா அந்தக் கையை எடுத்துவிட்டு, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.