லேத்தைத் தொட்டால் உளறும் வெர்னியர்

மதியம் கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஜீவானந்தம் என்பவர் வரவிருந்தார். போர்வெல் ரிக்குகளின் பாறை உடைக்கும் ஹேமருக்குள் போகும் புஷ் என்னும் இரும்பு வளையங்களைத் திருச்செங்கோட்டில் எங்கள் பட்டறைதான் அவர்களுக்குக் கடைந்து கொடுக்கிறது. கையால் எழுதிய அளவுகளைப் பின்னால் திருத்திவிடலாம் என்பதால் இனி ஏற்க மாட்டார்களாம். தாடைகளால் கவ்வி அளக்கும் டிஜிட்டல் வெர்னியரின் எண் நேராகக் கணினிக்குள் போய் உட்கார வேண்டும். அந்த இணைப்பை விலைக்கு வாங்கலாம் என்றார் அப்பா. நான் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான். இன்று அது ஓடாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

மேசையில் அது அழகாக ஓடியது. வெர்னியரிலிருந்து மெல்லிய ஒயர், தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அங்கிருந்து லேப்டாப். பொத்தானை அழுத்தினால் அளவு திரையில் விழும். ஆனால் கடைசல் எந்திரமான லேத்தை ஓட்டும் காளிதாஸ் அண்ணன் கையில் கொடுத்தால் அறுபத்திரண்டு மில்லிமீட்டர் புஷ்ஷை எண்ணூறு என்றது, அடுத்த முறை பூஜ்யம் என்றது. ஒயரை மாற்றினேன், மறுபடி ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தேன், நிரலைத் திருத்தினேன். உளறல் நிற்கவில்லை.

“உங்க பொட்டிக்கும் எங்க லேத்துக்கும் ஆவறதில்லீங்க அம்மணி,” என்றார் காளிதாஸ் அண்ணன். “சோசியர்கிட்டப் பொருத்தம் பாக்கோணும்.”

புஷ்ஷைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து அளக்கச் சொன்னார் அப்பா. அண்ணன் ஒப்பவில்லை. லேத்தில் புஷ்ஷைக் கவ்விச் சுழற்றும் சக்கின் பிடியில் இருக்கும்போதே அளப்பதுதான் அவர் வழக்கம். கழற்றினால் மறுபடி அதே மையத்தில் உட்காராது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு தடவைகூடச் சக்கில் வைத்து அளந்து பார்க்கவில்லை.

ஒரு புஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு லேத்தின் பக்கத்திலேயே நின்று அளந்தேன். சரியான எண். அதே புஷ்ஷை லேத்தின் மேல் வைத்து அளந்தேன். வெர்னியரின் சொந்தத் திரையே மங்கியது. குற்றம் நிரலில் இல்லை என்று தெரிந்ததும் மனசு இலேசானது. ஒரு நாட்டின் மொழி பிடிபட்டுவிட்டது, இனி வழி கேட்டுப் போய்விடலாம் என்பது போல.

மின்சாரம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அந்த வெர்னியரில் பட்டன் பேட்டரியின் பிளஸ் முனை இரும்பு உடம்போடு சேர்ந்திருந்தது. மைனஸ் முனை ஒயர் வழியாக லேப்டாப்புக்கும், சார்ஜரின் மூன்றாவது பின் வழியாக எர்த்துக்கும் போகிறது. லேத்தும் எர்த்தில்தான் நிற்கிறது. வெர்னியரின் தாடை லேத்தில் இருக்கும் புஷ்ஷைக் கவ்வியதும் பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒன்றாகிவிடுகின்றன. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அளந்தேன். சக்கில் இருந்தபடியே எண் வந்தது.

“அந்த மூணாவது பின்ன ஒடிச்சுப்போட்டா முடிஞ்சுதே,” என்று கட்டிங்பிளேயரை எடுத்தார் அப்பா.

“வேண்டாங்கப்பா. எர்த் இல்லாம ஓட்டுனா கரண்ட்டு நம்மளத்தான் புடிக்கும்.”

லேப்டாப்புக்குப் போகும் ஒயரையே எடுத்துவிட்டேன். புளூடூத் உள்ள வேறொரு போர்டைப் போட்டு, அதைப் பவர்பேங்கில் ஓட விட்டேன். இப்போது வெர்னியருக்கும் எர்த்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

மதியம் வந்த ஜீவானந்தம் மேசைப் பக்கம் வரவேயில்லை. நேராக லேத்துக்குப் போனார், வெர்னியரை வாங்கித் தானே அளந்தார். திரையில் 62.03 விழுந்தது. மேல்வரம்பு 62.02. அப்பா என்னைப் பார்த்தார். நான் காளிதாஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் லேத்தை ஓடவிட்டு, தேய்க்கும் எமரித்தாளைப் பிடித்து, நிறுத்தி, துடைத்து, ஆறட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, வெர்னியருக்காகக் கையை நீட்டினார். 62.01.

இரண்டு எண்களும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. முதல் எண்ணை அழிக்க முடியுமா என்று ஜீவானந்தம் கேட்டார்.

“முடியாதுங்க. அழிக்கற வழியே வைக்கலீங்க,” என்றேன்.

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, அடுத்த லோடை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்.