மூன்றாவது தட்டு

என் மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை கணவனுக்கு, அன்று மல்யுத்த சாம்பியன் பெல்ட் கிடைக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள். பதினெட்டு வருடமாக வந்தவன் போனவனிடமெல்லாம் தோற்றுக் கொடுத்த மனுஷனுக்கு, காசு கட்டி டிவியில் பார்க்கிற பெரிய நிகழ்ச்சியில் முதல் வெற்றி. தங்கை காலையிலேயே போன் செய்தாள்.

"அண்ணே, பெல்ட்டு வந்தா வரட்டும். ஆள முழுசா கொண்டாந்து சேத்துடு."

நான் ரெஃப்ரி. இதெல்லாம் நாடகம்தானே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. யார் ஜெயிப்பார் என்பது நாடகம். விழுந்தால் முதுகில் படுவது பலகைதான்.

தோள் தரையில் பட்டவன் பக்கத்தில் படுத்து, மூன்று தட்டு தட்டி எண்ணுவது ஜனங்களுக்குத் தெரிகிற என் வேலை. மூன்றுக்குள் தோளைத் தூக்காவிட்டால் அவன் தோற்றான். விழுந்தவன் கையை யாருக்கும் தெரியாமல் பிடிப்பது இன்னொரு வேலை. அவன் அமுக்கினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். என் எண்ணிக்கை எப்போதும் ஒரே வேகம். அதை நம்பித்தான் மூன்றாவது தட்டுக்கு மயிரிழை முன்னால் தோளைத் தூக்குவார்கள்.

மதியம் உடை மாற்றும் அறையில் மாப்பிள்ளை பூட்ஸ் கயிற்றை என்னைக் கட்டச் சொன்னான்.

"இடுப்பு குனிய மாட்டேங்குது மச்சான்."

நாற்பத்து நான்கு வயதில் யாருக்குத்தான் குனிகிறது என்று கட்டிவிட்டேன். எனக்கும்தான் முட்டி பேசுகிறது. வேறு எதுவும் யோசிக்கவில்லை. என் மண்டையில்தான் போட வேண்டும்.

எதிராளிக்குச் சுறா என்று பட்டம். நல்ல பிள்ளை, பார்த்துத்தான் போடுவான். பதினான்காவது நிமிடம் அவன் மாப்பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டபோது, முதுகு விழ வேண்டிய இடத்தில் கழுத்து விழுந்தது. சுறா பயந்துபோனாலும் திட்டப்படி அவன் மேலே படுத்தான்.

நான் மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்தேன். அமுக்கினான். எட்டி வலது கையைப் பிடித்தேன். ஈரத்துணி மாதிரி கிடந்தது.

"இன்னொரு தடவ அமுக்கு."

"ஒண்ணுமில்ல மச்சான். எண்ணு. ரெண்டுல தூக்கிடறேன்."

தூக்குவான், தெரியும். தூக்கிவிட்டு, மேடைக் கயிற்றின் மேலேறிக் குதித்துத்தான் அவன் ஜெயிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லி நான் கையைக் குறுக்கே போட்டிருக்கலாம். போன வருடம் அவன் கணுக்கால் பிசகியபோது அப்படித்தான் போட்டேன். டாக்டர் வருவதற்குள் எழுந்து ஆடிக் காட்டி என்னைக் கோமாளி ஆக்கினான். இன்றைக்குப் பெல்ட் வேறு. விடுவானா?

ஒன்று. இரண்டு. மூன்றாவதை என் வழக்கத்துக்கு முன்னாலேயே தட்டிவிட்டேன்.

இடது தோள் எழும்பியபோது மணி அடித்தாகிவிட்டது, பெல்ட் சுறாவுக்கு. அரங்கம் முழுக்கக் கூச்சல். என் காதில் மாட்டியிருந்த கருவியில் டைரக்டர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில் அவன் ஓங்கி அறைந்திருக்கலாம்.

மருத்துவ அறையில் கழுத்துப் பட்டையோடு படுத்திருந்தான். டாக்டர் தன் விரலை அவன் வலது உள்ளங்கையில் வைத்து அமுக்கச் சொன்னார். அமுக்கியதாக அவன் நினைத்துக்கொண்டான்.

"இது எத்தன நாளா?" என்று கேட்டார்.

"மூணு வாரமா மரத்துப் போயிருந்துச்சு. இன்னைக்கு சுத்தமா இல்ல."

பூட்ஸ் கயிறு எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கேன் எடுக்க வண்டியைக் கூப்பிட டாக்டர் வெளியே போனார். நாங்கள் இருவர்தான். எனக்கு அழுகை வந்தது, அவன் மேல் கோபமும் வந்தது.

"என் வேலைய முடிச்சுட்ட," என்றான் மேலே பார்த்தபடி.

"ஆமா. எனக்கும் இனிமே இருக்காது."

அவன் வலது பக்கம் கிடந்த போன் அடித்தது. மகள். ஒரு சாண் தூரம்தான். கையைப் பார்த்தான், போனைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டான்.

"எடுத்து காதுல வை மச்சான்."

வைத்தேன். அவள் கத்தியது எனக்கே கேட்டது. "அப்பா, நீ தூக்கிட்டப்பா. நான் பாத்தேன். மாமா வேகமா எண்ணி ஏமாத்திட்டாரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லடா கண்ணு. அப்பாதான் தூக்க லேட்டு. மாமா சரியாத்தான் எண்ணினாரு."